கரைக்குப் போங்க

மார்ச் 4, சனி

இன்று அவளும் வந்தாள். இருபத்தாறு வருடக் குடித்தனத்தில் முதல் தடவை.

தூண்டில் பையை வெயிலில் காயவைக்கலாம் என்று வெளியே எடுத்தேன், அவ்வளவுதான். ஜனவரியிலிருந்து நான் மீன் பிடிக்கப் போகவில்லை. டாக்டர் அவளுக்கு ‘ஆறு மாதம், கூடினால் எட்டு’ என்று சொல்லிவிட்ட பிறகு எவன் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு கிளம்புவான்? ஆனால் அவள் பையைப் பார்த்துவிட்டாள். நேராகப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

“சனிக்கிழமை ஆனா ஓடுவீங்களே, அந்தச் சின்ன வீட்டை நானும் ஒரு தடவை பாத்துடுறேன்.”

கல்யாணமான புதிதில் நீர்த்தேக்கத்துக்கு அவள் வைத்த பெயர் அது. நான் திரும்பி வரும்போது சட்டையில் மீன் வாடை இருக்கிறதா, வேறு ஏதாவது வாடை இருக்கிறதா என்று முகர்ந்து பார்ப்பாள். விளையாட்டுக்குத்தான். பாதி விளையாட்டு.

பஸ்ஸில் ஒரு மணி நேரம். அங்கே என்ன பெரிதாக இருக்கிறது? ஒரு மண் கரை, தண்ணீருக்குள் நிற்கும் பட்டமரங்கள், ஐந்து துடுப்புப் படகு, ஒரு தகரக் கூரை. படகுக்காரரை எல்லோரும் விசில்காரர் என்பார்கள். ஐந்து மணிக்கு அவர் ஊதினால் எல்லாப் படகும் கரைக்கு வந்துவிட வேண்டும். அவர் இவளைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் இருக்கிறதிலேயே நல்ல படகைத் தள்ளிவிட்டார். மிதவைச் சட்டை இவளுக்கு இரண்டு ஆள் அளவு. “பூசணிக்காய்க்குத் தலை முளைச்ச மாதிரி இருக்கேனா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

மீன் பிடிக்க வந்த இடத்தில் வாய் ஓயாமல் பேசினாள். ஒரு மீன்கூட மாட்டவில்லை. சந்தோஷமாக இருந்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் தக்கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 7, செவ்வாய்

எழுதிவிடுகிறேன். வாயால் சொல்ல ஆளில்லை.

நான் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவன். இருபத்துநாலு வருடம். படம் எடுப்பது மட்டும்தான் என் வேலை, அதில் என்ன இருக்கிறது என்று சொல்வது டாக்டர் வேலை. ஆனால் அறைக்கு வெளியே வந்ததும் எல்லோரும் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்பார்கள்: என்ன சார் தெரியுது? நானும் சொல்லிவிடுவேன். எலும்பு நன்றாக இருக்கிறது, பயப்படாதே, போ. பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆஸ்பத்திரியில் என் பட்டப்பெயர் ‘பாதி டாக்டர்’. கேலிதான். எனக்கு மட்டும் அது விருதாகத் தெரிந்தது.

போன ஜூலையில் அவளுக்குத் தோள் வலி. பள்ளிச் சீருடைகள் தைக்கிறவள், நாள் முழுக்கப் பெரிய கத்தரிக்கோல் பிடிக்கிற கை. ஒரு சனிக்கிழமை மதியம் ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லி, சீட்டு எதுவும் போடாமல், மெஷினைச் சோதிப்பது போல நானே படம் எடுத்தேன். பன்னிரண்டே முக்கால். ஒன்றே காலுக்குப் பஸ். தூண்டில் பை என் நாற்காலிக்கு அடியில் இருந்தது.

எலும்பைப் பார்த்தேன், மூட்டைப் பார்த்தேன். “ஒண்ணும் இல்ல, தையல்காரி தோள், தைலம் தேய்” என்றேன். டாக்டரிடம் காட்டவில்லை. பாதி டாக்டர் வீட்டில் இன்னொரு டாக்டர் எதற்கு?

தோள் படம் எடுத்தால் நுரையீரலின் உச்சி ஓரமாக மூலையில் விழும். ஜனவரியில் அவளுக்கு விரல் மரத்துப்போய், டாக்டர் நெஞ்சுப் படம் எடுக்கச் சொன்னார். அதில் நுரையீரல் உச்சியில் கட்டி இருந்தது. அன்று மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு ஜூலைப் படத்தைத் தேடி எடுத்தேன். மூலையில், கட்டைவிரல் நகம் அளவுக்கு, ஒரு மங்கல்.

இருந்தது. அப்பவே இருந்துச்சு. நான் பாக்கல.

வேலை பழக வருகிறவர்களுக்கு முதல் நாள் நான் சொல்லும் பாடம்: முதலில் நாலு மூலையையும் பார், அப்புறம் நடுவைப் பார். ஊருக்குத்தான் உபதேசம்.

மார்ச் 18, சனி

இன்றும் போனோம். இனி எல்லாச் சனிக்கிழமையும் உண்டு என்கிறாள். மருந்து ஏற்றுகிற வாரத்தில் மட்டும் விடுமுறையாம். மண்புழுவைக் கையால் தொட மாட்டேன் என்று மாவு உருண்டை பிசைந்து எடுத்து வந்தாள். கூடவே மீன்களுக்கு ஒரு பிரசங்கமும் செய்தாள்.

சின்னதாக ஒரு கெளுத்தி எனக்கு மாட்டியது. உள்ளங்கை அளவுக்குக் குறைந்த மீனைத் திரும்ப விட வேண்டும் என்பது விசில்காரர் விதி. விட்டேன். ‘இத்தனை வருஷமா கொண்டுவந்ததைவிட விட்டது நிறையவோ’ என்றாள். ஆமாம்.

மார்ச் 29, புதன்

நுரையீரல் டாக்டரிடம் பொதுவாகக் கேட்பது போலக் கேட்டேன். ஆறு மாதம் முன்பே தெரிந்திருந்தால்?

எடுத்திருக்கலாம், என்றார். அறுத்து எடுக்கிற அளவில் இருந்திருக்கலாம். உறுதியாகச் சொல்ல முடியாது என்றும் சொன்னார். அந்த ‘உறுதியாகச் சொல்ல முடியாது’ என்பதைப் பிடித்துக்கொண்டு மாலைவரை ஓட்டினேன். அதற்கு மேல் ஓடவில்லை.

ஏப்ரல் 8, சனி

நடுத் தேக்கத்தில் வைத்துக் கேட்டாள். சும்மாதான் கேட்டாள், பேச்சோடு பேச்சாக.

“போன வருஷம் ஒரு படம் எடுத்தீங்களே. இது அப்பவே இருந்திருக்குமா?”

“அது தோள் படம். அதுல நுரையீரலே தெரியாது.”

எவ்வளவு சுலபமாக வந்தது. கொஞ்சம்கூடக் குரல் இடறவில்லை. அவள் “ஓ” என்று சொல்லிவிட்டு மாவை உருட்டினாள். அவளுக்கு என்ன தெரியும், நான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். கட்டின நாளிலிருந்து அப்படித்தான்.

முன்பு நான் செய்தது தப்பு. இன்று செய்தது வேறு.

ஏப்ரல் 9, ஞாயிறு

சொல்ல வேண்டுமா?

சொன்னால் யாருக்கு நல்லது? அவளுக்கா, எனக்கா? என் நெஞ்சுப் பாரத்தை இறக்கி அவள் நெஞ்சில் வைப்பதற்குப் பெயர் நேர்மையா? அவளுக்கு இருப்பதே கொஞ்ச நாள். அதில் சனிக்கிழமைகள் எத்தனை, பத்து? பன்னிரண்டு? சொல்லிவிட்டால் அத்தனையும் போகும்.

சொல்லாவிட்டால் அத்தனையும் எனக்குக் கிடைக்கும். திருடின மாதிரி.

ஏப்ரல் 22, சனி

மழை. போகவில்லை. அவள் வீட்டிலேயே ஜன்னல் ஓரம் தூண்டிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, தெருவில் போகிறவர்களை எல்லாம் எந்த வகை மீன் என்று சொன்னாள். எதிர்வீட்டுக்காரர் விரால். சிரித்து இருமி, இருமிச் சிரித்து. நான் தண்ணீர் எடுக்கப் போவது போலச் சமையலறைக்குப் போய் நின்றேன்.

மே 6, சனி

மகள் வந்திருந்தாள். தூர ஊரில் வேலை, இரண்டு நாள்தான் லீவு. மூன்று பேரும் படகில். மகள் துடுப்புப் போட்டாள், படகு வட்டமடித்தது. தாயும் மகளும் ஒரே குரலில் என்னைத்தான் திட்டினார்கள். ஒரு நாள் முழுக்க நான் மறந்திருந்தேன்.

மே 20, சனி

சொல்லிவிட்டேன்.

அவளுக்கு இன்று முதல் மீன். கெண்டை, முக்கால் முழம் இருக்கும். தூண்டிலை விட்டுவிடுவாளோ என்று நான் கை நீட்டினேன், என் கையைத் தட்டிவிட்டு அவளே இழுத்துப் போட்டாள். மூச்சு வாங்கியது. முகமெல்லாம் தண்ணீர். மீனைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்:

“நோய் வந்தது வந்துச்சு. இல்லேன்னா இங்கெல்லாம் என்னைக் கூட்டிட்டு வந்திருப்பீங்களா? உங்க மேல எனக்கு ஒரு குறையும் இல்லங்க.”

ஒரு குறையும் இல்லையாம்.

அதற்கு மேல் முடியவில்லை. ஜூலைச் சனிக்கிழமையைச் சொன்னேன். ஒன்றே கால் பஸ்ஸைச் சொன்னேன். மூலையைச் சொன்னேன். ஏப்ரலில் சொன்னது பொய் என்பதையும் சொன்னேன். அழுதுகொண்டு சொன்னேனா, அழாமல் சொன்னேனா தெரியவில்லை.

அவள் ஒன்றே ஒன்று கேட்டாள். “எவ்வளவு பெருசு?”

கட்டைவிரல் நகத்தைக் காட்டினேன். அவள் தன் விரல் நகத்தைப் பார்த்தாள்.

“கரைக்குப் போங்க.”

துடுப்புப் போடுகிறவன் முதுகைக் காட்டிக்கொண்டு போக முடியாது. எதிரில் உட்கார்ந்திருப்பவரைப் பார்த்துக்கொண்டேதான் போட வேண்டும். அரை மணி நேரம். அவள் தலையைத் திருப்பிப் பட்டமரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தாள். மீன் படகின் அடித்தட்டில் கிடந்து துடித்து அடங்கியது. இரண்டு பேருமே அதை எடுத்து விடவில்லை.

மே 21, ஞாயிறு

அவளுடைய அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். நாலு தெரு தள்ளித்தான். மாத்திரைப் பையை நான் தூக்கிக்கொண்டு போனேன், வாசலில் வாங்கிக்கொண்டாள். உள்ளே கூப்பிடவில்லை.

மே 23, செவ்வாய்

தையல் மெஷினில் ஒரு கால்சட்டை பாதியில் நிற்கிறது. ஊசி துணியிலேயே குத்தி நிற்கிறது. எடுக்கலாமா கூடாதா என்று தெரியாமல் அப்படியே விட்டிருக்கிறேன்.

மே 26, வெள்ளி

மத்தியானம் அவளுடைய அக்கா போன் செய்தார். அவர் வாயைத் திறந்தால் ஊர் தாங்காது, கேட்டுவிடட்டும் என்று காதைக் கொடுத்தேன். சாயங்கால மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னா, பின்னா என்று கேட்டார். பின் என்றேன். “உடம்பைப் பாத்துக்குங்க தம்பி, நீங்களும் எலும்பும் தோலுமா ஆயிட்டீங்க” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

அவருக்குத் தெரியாது. அவள் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை?

மே 27, சனி

தேக்கத்துக்குப் போனேன். படகு எடுக்கவில்லை. விசில்காரர், ‘வீட்டுக்காரம்மா எங்கே’ என்றார். உடம்புக்கு முடியவில்லை என்றேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து பீடியைப் பற்ற வைத்தார். ஐந்து மணிக்கு எழுந்து போய் ஊதினார்.

ஜூன் 3, சனி

சொல்லாமலே இருந்திருக்கலாம். இப்போது தோன்றுகிறது. நேற்றும் தோன்றியது.

ஜூன் 10, சனி

இருபது நாள் கழித்து அக்கா மூலமாகச் சொல்லி அனுப்பினாள். இன்று படகுக்கு வருகிறாளாம். ஒரே ஒரு நிபந்தனை. நான் வாயைத் திறக்கக் கூடாது. ஏதோ ஊடல் என்று நினைத்துக்கொண்டு அவர் சிரித்தார்.

இருபது நாளில் பாதியாகிவிட்டாள். பஸ் தாங்காது என்று ஆட்டோவில் போனோம். கரையிலிருந்து படகுக்கு நானும் விசில்காரரும் நாற்காலியோடு தூக்கி வைத்தோம். மிதவைச் சட்டைக்கு இப்போது மூன்று ஆள் அளவு. பூசணிக்காய் பேச்சு இல்லை.

துடுப்புப் போட்டேன். நடுத் தேக்கம் வந்ததும் நிறுத்தினேன். எதிரெதிராக உட்கார்ந்திருந்தோம். பிறகு சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை. கடைக்கு என்னென்ன வாங்க வேண்டும் என்று சொல்கிற குரலில் சொன்னாள்.

“உங்களுக்குச் சமைச்சேன், துவைச்சேன், பொண்ணை வளத்துக் குடுத்தேன். கடைசியில உங்கள மன்னிக்கிற வேலையும் என் தலையிலதான் வந்து விழுந்திருக்கு.”

வாயைத் திறக்கக் கூடாது. திறக்கவில்லை.

“அதுக்கெல்லாம் எனக்கு நேரம் இல்லங்க. கோவிச்சுக்கிட்டு உக்காந்திருக்கவும் நேரம் இல்ல. ரெண்டையும் அப்படியே வச்சுட்டேன். மீனைப் பிடிங்க.”

தூண்டில் போட்டேன். புழு இல்லாமல் வெறும் முள்ளைப் போட்டிருக்கிறேன் என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது. அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது, சொல்லவில்லை. வரும்போது ஆட்டோக்காரருக்கு அக்கா வீட்டுத் தெருவைக் கை காட்டினேன். “நம்ம வீட்டுக்கு” என்றாள்.

ஜூன் 13, செவ்வாய்

பாதியில் நின்ற கால்சட்டையை முடித்தாள். ஒரு பக்கத் தையலுக்கு ஒரு மணி நேரம் ஆனது. பள்ளிக்கூடத்துக்கு நான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஜூன் 25, ஞாயிறு

படுக்கையோடு படுக்கை. இனிப் படகு இல்லை. நீண்ட லீவு போட்டுவிட்டேன்.

என்னோடு பேசுகிறாள். தண்ணீர், தலையணை, ஜன்னல். எப்போதாவது ஒரு கேலி. ஆனால் முன்பு பார்ப்பது போல என்னைப் பார்ப்பதில்லை. வேலைக்கு நல்ல ஆள் கிடைத்தால் அவனைப் பார்ப்போமே, அப்படிப் பார்க்கிறாள். நான் நல்ல ஆளாகத்தான் வேலை செய்கிறேன்.

ஜூலை 8, சனி

மகள் லீவு போட்டு வந்துவிட்டாள். தாயும் மகளும் ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். நான் உள்ளே போனதும் நிறுத்தினார்கள். மகள் முகத்தைப் பார்த்தேன். அதில் வெறுப்பு எதுவும் தெரியவில்லை. “வாங்கப்பா, உட்காருங்க” என்று நாற்காலியை நகர்த்திப் போட்டாள்.

ஜூலை 14, வெள்ளி

வலிக்கு ஊசி. பெரும்பாலும் தூக்கம். ஒரு தடவை கண்ணைத் திறந்து, “இன்னைக்குச் சனியா?” என்றாள். வெள்ளி என்றேன். “சரி” என்றாள்.

ஜூலை 19, புதன்

காலை ஆறு ஐம்பது.

ஜூலை 30, ஞாயிறு

காரியத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் என்னைத்தான் புகழ்ந்தார்கள். கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டாராம். இந்தக் காலத்தில் இப்படி ஒரு புருஷனாம். அவளுடைய அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அதையும் துக்கம் என்றே எடுத்துக்கொண்டார்கள்.

ஆகஸ்ட் 19, சனி

மகள் அம்மாவின் சாமான்களை ஒதுக்கிக்கொண்டிருந்தாள். நாளை அவள் வேலைக்குத் திரும்ப வேண்டும். வெட்டின துணி ஒரு பக்கம், வெட்டாத துணி ஒரு பக்கம். நான் பொத்தான்களைப் பொறுக்கி டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தேன். அப்போதுதான் சொன்னாள்.

“ஒண்ணுதான்ப்பா எனக்கு மனசு ஆறல. போன வருஷமே படம் எடுக்க வான்னு நீங்க கூப்பிட்டீங்களாமே. அம்மாதான் தையல் வேலை கிடக்கு, வரமாட்டேன்னு சொன்னாங்களாம். அவங்களே சொன்னாங்க. அப்பாவை ஒண்ணும் கேக்காத, தப்பு என் மேலதான்னு.”

டப்பாவைக் கீழே வைத்தேன்.

எப்போது சொல்லியிருப்பாள்? நான் உள்ளே போனதும் பேச்சை நிறுத்தினார்களே, அன்றைக்கா? மன்னிக்க நேரம் இல்லை என்றவளுக்கு இதற்கு மட்டும் எங்கிருந்து நேரம் கிடைத்தது?

என் அளவுக்குப் பார்த்துப் பார்த்து ஒரு பொய்யைத் தைத்துக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். போட்டுக்கொண்டால் போதும். யாருக்கும் தெரியாது. ஆயுள் முழுக்கப் போட்டுக்கொண்டு நடக்கலாம்.

மகள் நிறுத்தவில்லை. அம்மாவுக்கு எப்போதும் பிடிவாதம், யார் பேச்சைக் கேட்டார்கள், ஒரு நாள் கால்சட்டை தைக்காவிட்டால் பள்ளிக்கூடம் இடிந்தா விழும், ஒரே ஒரு நாள் உங்கள் பேச்சைக் கேட்டிருந்தால் இன்று இருந்திருப்பார்களே என்று திட்டிக்கொண்டே அழுதாள். கையில் அம்மாவின் கத்தரிக்கோல்.

செத்தவ எனக்காகத் திட்டு வாங்கிட்டு இருக்கா. நான் பொத்தான் பொறுக்கிட்டு இருக்கேன்.

“கண்ணு, அதைக் கீழ வச்சுட்டு இப்படி வந்து உட்காரு” என்றேன்.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

காலை பஸ்ஸில் போய்விட்டாள். பையைத் தூக்கப் போனேன், கொடுக்கவில்லை.

ஆகஸ்ட் 28, திங்கள்

லீவு முடிந்தது. தலைமை டாக்டரிடம் எழுதிக் கொடுத்தேன், ஜூலைப் படத்தோடு. இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இதை நீங்கள் சொல்லியிருக்காவிட்டால் யாருக்கும் தெரிந்திருக்காதே என்றார். தெரியும் என்றேன். விசாரணை முடியும்வரை பழைய கோப்புகள் இருக்கும் அறையில் வேலை. அங்கே யாரும் வந்து என் கையைப் பிடித்து எதுவும் கேட்பதில்லை.

செப்டம்பர் 9, சனி

தேக்கத்துக்குப் போகவில்லை. பஸ் நிறுத்தம்வரை போய்விட்டுத் திரும்பினேன்.

மகளுக்கு மூன்று தடவை போன் போட்டேன் இந்த வாரம். எடுக்கவில்லை. இனிப் போடக் கூடாது. அவளாகப் போடட்டும், போடாமல் இருக்கட்டும்.

செப்டம்பர் 16, சனி

மாலை நாலரைக்குப் போன் வந்தது. மகள். இருபத்தேழு நாளுக்குப் பிறகு.

எடுத்தேன். அவள் ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை. என்னவென்று ஆரம்பிப்பது? அவள் பக்கம் ஏதோ வண்டி போகிற சத்தம், ஒரு கதவு சாத்துகிற சத்தம், பிறகு அவள் மூச்சு மட்டும். மூக்கை உறிஞ்சினாள். வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை. நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அந்தச் சத்தம் அவளுக்கும் கேட்டிருக்கும்.

கடைசிவரை இரண்டு பேருமே பேசவில்லை. பதினொரு நிமிடம் என்று போன் காட்டியது.